சைலேஜ் போட்ட பிறகு ஆட்டுக்கு ஏதோ ஆகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"சைலேஜ் போட்டதிலேருந்துதாண்ணா இப்படி ஆவுது."

சோழவரம் பக்கம் செம்மறிக் கிடா கட்டி வளர்க்கும் ஒரு தம்பி, பக்ரீத்துக்கு இருபது நாள் இருக்கும்போது போனில் சொன்னது இது. நான்கு கிடாவில் ஒன்று காலையிலிருந்து வாலைத் துடிக்கவிட்டபடி முக்கிக்கொண்டே நிற்கிறது, தொட்டிப் பக்கமே வரவில்லை என்றான். நேரில் போனேன். சைலேஜ் என்றால் பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றில்லாமல் அடைத்துப் புளிக்கவைத்தது; அதைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிய கட்டுதான் பேல். பேலைக் கிளறி முகர்ந்து பார்த்தேன். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி சுத்தமான புளிப்பு வாடை, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், கைப்பிடியில் அழுத்தினால் ஈரம் தெரியும், ஆனால் சொட்டாது. அதில் ஒரு குறையும் இல்லை. கொட்டில் மூலையில் செங்குன்றத்திலிருந்து வந்த தவிட்டு மூட்டைகள் ஆறு அடுக்கியிருந்தன.

"எவ்வளவுப்பா போடுற?"

"ஒரு கிடாவுக்கு முக்கால் கிலோண்ணா. சீக்கிரம் எடை ஏறணும்ல."

சைலேஜ் நமக்குப் புதிது. தவிடும் புண்ணாக்கும் தாத்தா காலத்துப் பழக்கம். அதனால் ஆட்டுக்கு எது வந்தாலும் சந்தேகம் சைலேஜ் மேல்தான் போகிறது. மாதவரம், செங்குன்றம், பூந்தமல்லி, கூடுவாஞ்சேரி என்று நான் போய்ப் பார்த்த கொட்டில்களில் பெரும்பாலும் கோளாறு இருந்தது பக்கத்து மூட்டையில்: என்ன கலந்தார்கள், எவ்வளவு வேகமாகக் கூட்டினார்கள், எங்கே வைத்தார்கள் என்பதில். சைலேஜால் வரும் கோளாறும் உண்டு, அதில் ஒன்று உயிரையே எடுக்கும். அதையும் கீழே சொல்கிறேன். மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட்டாகி, ஏரிக்கரையும் சுருங்கிவிட்ட நம் ஊரில் இனி சைலேஜை விட்டால் வேறு வழி குறைவு. அதைத் தப்பாகப் பழி சொல்லி நிறுத்திவிட்டு, உண்மையான காரணத்தைத் தொட்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஆட்டுக்கு ஏதோ சரியில்லை என்றதும் தீவனம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறோம். அப்படிச் செய்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. முதலில் நான்கு இடம் பாருங்கள். புழுக்கை உருண்டையாக, தனித்தனியாக விழுகிறதா? படுத்திருக்கும் ஆடுகளில் பாதியாவது அசை போடுகிறதா? காலையில் தொட்டியில் மிச்சம் என்ன, தூளா தண்டா? மூத்திரம் தாரையாக வருகிறதா, சொட்டுகிறதா? இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பிறகு ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எந்தப் பேல் திறந்தீர்கள், எந்தத் தேதியில் எந்த மூட்டை பிரித்தீர்கள், அவ்வளவுதான். அறிகுறி தொடங்கிய நாள் எந்தத் தேதிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நோட்டில் தேதி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

"மோந்து பார்த்துட்டுத் தள்ளிப் போயிடுது"

புதிதாக ஆரம்பித்த முதல் வாரம் என்றால் இது நோயில்லை. காய்ந்த புல்லும் கடலைக்கொடியும் தின்ற ஆட்டுக்குப் புளிப்பு வாடை பழக வேண்டும். முதல் மூன்று நாள் ஒரு ஆட்டுக்கு 150 கிராம், அதுவும் காலையில் பசியோடு இருக்கும்போது, பழைய தீவனத்தின் மேல் தூவி. பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் மாறுவதற்கே அவ்வளவு காலம் வேண்டும். கூட்டத்தில் தின்னப் பழகிய ஒரு ஆடு இருந்தால் மற்றவை அதைப் பார்த்துச் சீக்கிரம் வரும்.

தூளை மட்டும் நக்கிவிட்டுத் தண்டை ஒதுக்கினால் நறுக்கு நீளம் அதிகம். மாட்டுக்கு நறுக்கிய சைலேஜ் அப்படித்தான் இருக்கும். செம்மறிக்கு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் போதும். வாங்கும்போதே கேளுங்கள்.

நேற்றுவரை தின்ற ஆடு இன்று ஒதுக்கினால் மூக்கை நம்புங்கள். கெட்டுப்போன வெண்ணெய் வாடை, துணி ஊறவைத்து மறந்த வாடை வந்தால் அதிக ஈரத்தோடு, மண்ணோடு கட்டிய சைலேஜ். உள்ளே தவறான நொதிப்பு நடந்திருக்கிறது. அம்மோனியா போல மூக்கை அரித்தால் புரதம் அழுகியிருக்கிறது. பழுப்பு நிறமும் புகையிலை வாடையும் இருந்தால் சூடேறிப் பொசுங்கியது. ஆடு ஆசையாகத் தின்றாலும் அதில் புரதம் செரிக்காது. வெள்ளை, பச்சை, கருப்புப் பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது. சுற்றிலும் ஒரு சாண் எடுத்துவிட வேண்டும். சினை ஆடு இருந்தால் அந்தப் பேலையே விட்டுவிடுங்கள்.

பேலுக்குள் கை வைத்தால் சுடுகிறது

இது சென்னைக்கே உரிய தலைவலி. காற்று படாதவரை சைலேஜ் மாதக்கணக்கில் இருக்கும். திறந்த நிமிடத்திலிருந்து ஈஸ்டும் பூசணமும் வேலையை ஆரம்பித்துவிடும். வெளியில் 38, 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் அது இன்னும் வேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆடு, ஆளுக்கு ஒன்றரை கிலோ என்றால் நாளைக்கு 15 கிலோ. 50 கிலோ பேல் மூன்று நாளில் தீர்ந்துவிடும், சரி. நான்கு ஆடு வைத்திருப்பவருக்கு அதே பேல் எட்டு நாள் வரும். ஐந்தாம் நாளிலிருந்து அவர் போடுவது சைலேஜ் இல்லை, குப்பை. இப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அல்லது மூடி இறுக்கமாக உள்ள நீல டிரம்மில் தாங்களே போட்டுக்கொள்ளலாம். மக்காச்சோளத்தைப் பால் வற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, அரை நாள் வாடவிட்டு, ஏறி மிதித்துக் காற்றில்லாமல் அடைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தயார். கோ எஃப்.எஸ் 29 தீவனச்சோளத்திலும் செய்யலாம். கம்பு நேப்பியர் புல்லில் இனிப்பு குறைவு, தண்ணீர் அதிகம். நன்றாக வாடவிட்டு, கொஞ்சம் வெல்லப்பாகு தெளித்து அடையுங்கள்.

திறக்காத பேலே சூடாக இருந்தால் ஓட்டை தேடுங்கள். காக்கை கொத்திய துளை, எலி கடித்த மூலை, லாரியில் இறக்கும்போது ஆணி கிழித்த கீறல். சுண்டுவிரல் நுழையும் ஓட்டையைச் சுற்றி ஒரு முழம் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேல் வந்த அன்றே சுற்றிப் பார்த்து டேப் ஒட்டுங்கள்.

"கழியுது"

புழுக்கை உருளாமல் மாட்டுச் சாணி போல மெத்தென்று விழுந்தால், ஆடு சுறுசுறுப்பாக இருந்தால், பதறாதீர்கள். தூள் தீவனத்தை, அதாவது தவிடு, புண்ணாக்கு, மாவுக் கலவையை, வேகமாகக் கூட்டியிருப்பீர்கள். மூன்று நாள் தூளைப் பாதியாக்கி, காய்ந்த கடலைக்கொடியோ வைக்கோலோ கூடக் கொடுங்கள். பிறகு மூன்று நாளுக்கு 50 கிராம் வீதம் ஏற்றுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் தவிட்டைச் சந்தேகப்படுங்கள். ரைஸ் மில்லிலிருந்து வரும் எண்ணெய் எடுக்காத தவிட்டில் எண்ணெய் 12 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். மொத்த உணவில் எண்ணெய் ஐந்தாறு சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிப்போகும். ஆடு நாரைச் செரிக்காமல் வெளியே தள்ளும். போதாததற்கு, அந்தத் தவிட்டிலேயே உள்ள நொதி அரைத்த அன்றைக்கே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். வாரம் தாண்டிய தவிடு சோப்பு வாடை அடிக்கும், நாக்கு நுனியில் கசக்கும். சேமித்து வைத்துப் போடுவதானால் எண்ணெய் எடுத்த தவிடுதான் சரி. வாங்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்குங்கள். உமி மேலே மிதக்கும், மண் அடியில் படியும். இரண்டும் நிறைய இருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

இரத்தம் கலந்து போனால், குட்டிகள் சோர்ந்தால், தீவனத்தை மறந்து மருத்துவரிடம் போங்கள். அது இரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம்.

வயிறு உப்பி, பல்லைக் கடிக்கிறது

இங்கே மணிக்கணக்குதான் முக்கியம். இடது பக்கம், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கை வையுங்கள். மேளம் போல் தட்டினால் சத்தம் வருகிறதா, தண்ணீர்ப் பையைக் குலுக்கியது போல் சலசலக்கிறதா?

மேளம் என்றால் காற்று உப்புசம். 50 முதல் 100 மில்லி சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் விட்டு, முன்கால் உயரமாக இருக்கும்படி நிறுத்தி நடக்கவிடுங்கள். தலையை அண்ணாத்தி ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

சலசலப்பு என்றால் மாவுச்சத்து விஷமாகியிருக்கிறது. நொய், குருணை, மக்காச்சோள மாவு, புளித்த இட்லி மாவு, கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு. நம் ஊரில் இந்தக் கடைசிப் பெயர்தான் அதிக ஆட்டைச் சாய்த்திருக்கிறது. சோறு தின்ற ஆட்டின் வயிற்றில் சில மணி நேரத்தில் அமிலம் பெருகும், உடம்புத் தண்ணீரை எல்லாம் வயிறு இழுத்துக்கொள்ளும், கண் குழியும், கால் தள்ளாடும், புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். சைலேஜும் புளிப்பு என்பதால் "புளிப்பு ஏறிவிட்டது, சைலேஜால்தான்" என்கிறார்கள். நல்ல சைலேஜின் அமிலத்தை வயிற்று நுண்ணுயிர்கள் சக்தியாகவே எடுத்துக்கொள்ளும். சோற்றின் மாவுச்சத்து வேறு கதை.

20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டுங்கள். அன்றைக்குத் தூளும் சைலேஜும் நிறுத்தி வைக்கோல் மட்டும் வையுங்கள். இது மருத்துவர் வரும்வரைக்கான கைவைத்தியம்தான். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆடு படுத்துவிட்டால் வண்டி பிடித்து வேப்பேரிக்கே கொண்டுபோங்கள், அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"மூத்திரம் போவ முக்குது"

சோழவரம் தம்பியின் கிடாவுக்கு வந்தது இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பக்ரீத்துக்கு முன்பும் இது திரும்ப வருகிறது.

கிடாவின் மூத்திரக் குழாய் நீளமானது, வளைந்து வளைந்து வருவது, நுனியில் மண்புழு போல ஒரு மெல்லிய நீட்சியில் முடிவது. மணல் போன்ற சின்னக் கல்லும் அங்கே வந்து அடைத்துக்கொள்ளும். பெட்டை ஆட்டுக்குக் குழாய் குட்டை, அகலம், அதனால் தப்பித்துவிடும். அந்தக் கிடாவின் வயிற்றடியில் குனிந்து பார்த்தேன். மூத்திரம் வரும் இடத்து முடியில் உப்புத் தூவியது போல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. பக்கத்தில் நன்றாக நின்ற இன்னொரு கிடாவின் முடியிலும் அதே பொடி. அடுத்தது அதுதான்.

கல் எங்கிருந்து வந்தது? கணக்கைப் பாருங்கள். 20 கிலோ குட்டிக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ மக்காச்சோள சைலேஜும் 350 கிராம் தவிடும் மட்டும் போடுகிறீர்கள் என்று வையுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1.5 சதவீதம், சுண்ணாம்புச் சத்து வெறும் 0.1 சதவீதம். சைலேஜில் இரண்டும் குறைவு. கூட்டினால் பாஸ்பரஸ் 6 கிராமுக்கு மேல், சுண்ணாம்பு ஒன்றரை கிராம் அளவில் நிற்கும். ஆட்டுக்கு வேண்டியது நேர்மாறு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. மிஞ்சிய பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கி, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆட்டில் கல்லாக உறைகிறது. முக்கால் கிலோ தவிடு போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோதுமைத் தவிடும் இதே ரகம்தான்.

அடைப்பு வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு என்று ஊற்றிக்கொண்டிருந்தால் அடைத்த மூத்திரப் பைக்குள் இன்னும் தண்ணீர் சேரும். மருத்துவர் அந்த நுனி நீட்சியை வெட்டிவிட்டாலே சில ஆட்டுக்கு மூத்திரம் திறந்துகொள்ளும். இனப்பெருக்கத்துக்கு அதனால் குறையில்லை. ஒரு எச்சரிக்கை: முக்கிக்கொண்டிருந்த கிடா திடீரென்று அமைதியாகிவிட்டால் "சரியாயிடுச்சு" என்று நினைக்காதீர்கள். மூத்திரப் பை வெடித்தாலும் வலி அப்படித்தான் அடங்கும். பிறகு வயிறு கீழ்ப்பக்கமாகப் பெருக்கும்.

அந்தக் கிடா பிழைத்தது, பக்ரீத்துக்கு விற்கவில்லை. மற்ற மூன்றுக்கும் அன்றைக்கே தவிட்டை நிறுத்தினோம். தூள் கலவையில் 100 கிலோவுக்கு 2 கிலோ சுண்ணாம்புக்கல் தூள், ஒரு கிலோ சாப்பாட்டு உப்பு. உப்பு தின்றால் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்தால் மூத்திரம் நீர்க்கும். தொட்டியில் எப்போதும் தண்ணீர், அதுவும் நிழலில். வெயிலில் கொதிக்கும் சின்டெக்ஸ் தண்ணீரை ஆடு தொடாது. ஏற்கெனவே பொடி ஒட்டிய கிடாவுக்கு மூத்திரத்தைப் புளிப்பாக்கும் அம்மோனியம் குளோரைடு கொடுப்பதுண்டு, அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டியாக இருக்கும்போதே காயடித்த கிடாவுக்குக் குழாய் பெருக்காது, அதற்கு இரட்டைக் கவனம்.

தலையைச் சாய்த்து வட்டமடிக்கிறது

சைலேஜின் மேல் நேரடியாகக் குற்றம் சாட்டக்கூடிய நோய் இது. லிஸ்டீரியா என்ற கிருமி மண்ணில் இருப்பது. புளிப்பு சரியாக ஏறாத சைலேஜில், காற்று புகுந்த ஓரத்தில், மண் கலந்த அடிப்பகுதியில் பெருகும். வாயில் முள் குத்திய சின்னக் காயம் வழியாக நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறும். அதற்கு இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதனால் அன்றைக்குத் திறந்த பேலைப் பார்த்துப் பயனில்லை, நோட்டில் மூன்று வாரம் பின்னால் போங்கள்.

ஒரு பக்கக் காது தொங்கும், ஒரு கண் மூடாது, ஒரு பக்கக் கன்னத்தில் தின்ற புல் அப்படியே அடைந்திருக்கும், எச்சில் ஒழுகும், ஒரே திசையில் சுற்றும். செம்மறிக்கு இரண்டு நாளில் கதை முடிந்துவிடும். முதல் நாளே ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. சினை ஆடு வட்டமடிக்காமல் கருச்சிதைவு மட்டும் ஆவதும் உண்டு. விழுந்த கருவை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் கொட்டில் பக்கமே வர வேண்டாம். இந்தக் கிருமி மனிதருக்கும் வரும்.

புளிப்பை அளக்கும் பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். ஒரு பிடி சைலேஜைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தாளை நனைத்துப் பாருங்கள். மக்காச்சோள சைலேஜ் 4க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 5ஐத் தாண்டினால் செம்மறிக்குப் போடாதீர்கள்.

வட்டமடிக்காமல், தலையை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, கண் தெரியாமல் சுவரில் முட்டினால் அது வேறு. மாவுச்சத்தோ வெல்லப்பாகோ அதிகமாகி வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம். ஊசி வேறு, அவசரம் ஒன்றே.

நல்ல குட்டி காலையில் செத்துக் கிடக்கிறது

நோஞ்சான் குட்டி சாவதற்கு நூறு காரணம் இருக்கும். கூட்டத்திலேயே கொழுத்த குட்டி, ராத்திரி வரை துள்ளியது, விடிந்தால் கால் நீட்டிக் கிடந்தால் துள்ளுமாரி. தீவனம் திடீரென்று வளமானால் குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகி விஷம் கக்கும். பார்க்க விஷம் வைத்தது போலவே இருக்கும். பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தூள் தீவனம் ஆரம்பிக்கும் முன்பே துள்ளுமாரித் தடுப்பூசி போடுங்கள். முதல்முறை போடுகிறவர்கள் இரண்டாவது ஊசியையும் மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போட வேண்டும். செத்த குட்டியைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்துவிடுங்கள். மற்ற குட்டிகளைக் காப்பாற்ற அதுதான் வழி.

கண் மஞ்சள், மூத்திரம் டிகாஷன் நிறம்

இரண்டு மூட்டையைப் பாருங்கள். ஒன்று தாது உப்பு. மாட்டுக்கு விற்பதை அப்படியே செம்மறிக்குப் போட்டால் தாமிரம் கல்லீரலில் சேர்ந்துகொண்டே வரும். மாதங்கள் கழித்து ஒரு லாரிப் பயணமோ ஒரு மழையோ போதும், மொத்தமும் இரத்தத்தில் கொட்டும். பசுவைவிடச் செம்மறி தாமிரத்தைத் தாங்கும் அளவு மிகக் குறைவு. செம்மறிக்கென்று உள்ள தாது உப்பைக் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும், இரத்தம் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

இன்னொன்று புண்ணாக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் என் கொட்டிலில் இரண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கின் அடிப்பக்கம் நனைந்தது. காயவைத்தால் போதும் என்று வெயிலில் போட்டேன். மேலுக்கு நிறம் மாறவில்லை. ஒரு கட்டியை உடைத்தபோதுதான் நடுவே மஞ்சள் கலந்த பச்சையில் சிலந்தி வலை மாதிரி ஒரு நூல் படர்ந்திருந்தது. அஃப்ளாடாக்சின் நஞ்சை விடும் பூசணம் அப்படித்தான் வரும், காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஏழெட்டு நாள் அதைத் தின்ற குட்டிகள் இரண்டு மாதம் எடையே ஏறவில்லை. மீதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். அதிலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு மேல் புண்ணாக்கு வாங்கி வைப்பதில்லை. மூட்டைக்கு அடியில் மரப்பலகை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

புண்ணாக்குக் கடையில் உரத்துக்கான ஆமணக்கு, வேப்பம், புங்கன் புண்ணாக்குகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். ஆமணக்குப் புண்ணாக்கு கொல்லும். மூட்டை மாறாமல் நீங்களே நின்று ஏற்றுங்கள்.

"நல்லாத்தான் தின்னுது, எடை ஏறல"

முதலில் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் அது குடற்புழு, தீவனம் அல்ல. மழைக்குப் பிறகு நம் பகுதியில் இது சகஜம். புழுக்கையைப் பரிசோதித்து மருந்து கொடுத்த பிறகு மேலே படியுங்கள்.

இமை சிவப்பாக இருந்தும் எடை ஏறாவிட்டால் புரதம் போதவில்லை. வளரும் குட்டிக்கு உலர்ந்த எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் புரதம் வேண்டும். மக்காச்சோள சைலேஜில் 8 சதவீதம்தான். மேலே சொன்ன அதே 20 கிலோ குட்டி, ஒன்றரை கிலோ சைலேஜ் தின்றால் அதில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். உலர்ந்தது 450 கிராம், புரதம் 36 கிராம். அதோடு 350 கிராம் தவிடு போட்டால் இன்னொரு 44 கிராம், மொத்தம் 80. வேண்டியதோ 105, 110. வயிறு நிறைகிறது, சதை பிடிக்கவில்லை.

நான் கலப்பது 100 கிலோவுக்கு இப்படி: உடைத்த மக்காச்சோளம் 30, கடலைப் புண்ணாக்கு 30, துவரம் பொட்டோ உளுந்தம் பொட்டோ (பருப்பு உடைத்த தோலும் குருணையும்) 20, எண்ணெய் எடுத்த தவிடு 16, சுண்ணாம்புக்கல் தூள் 2, செம்மறித் தாது உப்பு 1, சாப்பாட்டு உப்பு 1. இதில் புரதம் 20, 21 சதவீதம் வரும். 350 கிராம் போட்டால் 73 கிராம், சைலேஜோடு சேர்த்து 109. சுண்ணாம்பும் பாஸ்பரஸைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். வேலிமசாலோ அகத்தியோ கால் கிலோ பசுந்தழை சேர்த்தால் இரண்டு மடங்கை நெருங்கும். கடலைப் புண்ணாக்கு விலை ஏறும்போது பாதியை எள்ளுப் புண்ணாக்காக மாற்றலாம். சேலம் பக்கத்து மரவள்ளித் திப்பி (மாவு எடுத்த சக்கை) மலிவாகக் கிடைக்கிறதே என்று புண்ணாக்குக்குப் பதிலாகப் போடாதீர்கள். அதில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இரண்டு மூன்று சதவீதம். மக்காச்சோளத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைச் சின்னக் குட்டிகளுக்கும் பொலிகிடாவுக்கும் தவிர்த்துவிடுவது என் வழக்கம்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். நம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மண்ணின் மெட்ராஸ் ரெட் பெரிய உடம்புக்காரி இல்லை. வளர்ந்த தாய் ஆடே ஏறக்குறைய 23 கிலோதான், கிடா 35. வெளியூர்ப் பெரிய ரகத்தின் எடை அட்டவணையை வைத்துக்கொண்டு இதைத் திணிக்கத் தொடங்கினால், மேலே சொன்ன உப்புசமும் மூத்திர அடைப்பும்தான் மிச்சம்.

சின்னச் சின்னவை

தின்றவுடன் இருமினால் தூள் பறக்கிறது, சைலேஜோடு பிசைந்து போடுங்கள். பலசாலி ஆடு மட்டும் தூளைத் தின்றுவிட்டு மற்றவை காய்ந்தால் தொட்டி நீளம் போதவில்லை. ஒரு ஆட்டுக்கு ஒரு அடியாவது வேண்டும். மே மாதத்தில் மதியம் தொட்டியில் கிடக்கும் சைலேஜை எடுத்துவிடுங்கள், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போட்டால் மிச்சம் விழாது.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டை எடுத்துப் போங்கள். பேலின் நடுவிலிருந்தும் கெட்ட ஓரத்திலிருந்தும் தனித்தனியாக அரை அரைக் கிலோ சைலேஜ், பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிழிந்து கட்டி, பிரிட்ஜில் வைத்து. தூள் கலவை ஒரு கால் கிலோ, மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்தது. தாது உப்புப் பாக்கெட்டின் அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விழுந்த புழுக்கை ஒரு சின்ன டப்பாவில். கிடாவாக இருந்தால் கடைசியாக மூத்திரம் தாரையாக வந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். சோழவரம் தம்பியிடம் வேப்பேரியில் முதலில் கேட்டது அதைத்தான். "நேத்து சாயங்காலம் பார்த்தேன்" என்று அவனால் சொல்ல முடிந்ததால், அன்றைக்கே கத்தி வைத்தார்கள்.